பல்லுதானே!

இரவு 2.10. குசினி நிலத்தில் குந்தியிருக்கிறேன். பிரிஜ்ஜில் இருந்து எடுத்த ஐஸ்கட்டியைப் பழைய சாரத் துண்டில் சுற்றி இடது கன்னத்தில் பிடித்திருக்கிறேன். கீழ்த்தாடை, இடப்பக்கம், கடைசிக்கு முதல் பல்லு. நெஞ்சுக்குள் அடிக்கவேண்டியது அந்தப் பல்லுக்குள் அடிக்கிறது. படுத்தால் கூடும். எழும்பி இருந்தால் கொஞ்சம் குறையும். நடந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். அதனால் ஒரு மணியில் இருந்து குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிய பிறகுதான் இருந்தேன்.

அம்மா எழும்பி வந்து லைற்றைப் போட்டா.

"இன்னும் படுக்கேல்லையே? பல்லுதானே. ஒரு கராம்பை வைச்சுக் கடிச்சுக்கொண்டு படு. விடியச் சரியாப் போடும்."

லைற்றை நூத்துப்போட்டுப் போய்ப் படுத்திட்டா.

அம்மாவில் எனக்குக் கோபமில்லை. அந்தச் சொல்லில்தான் கோபம். "பல்லுதானே." நெஞ்சு நோகுது என்று சொன்னால் யாரும் "நெஞ்சுதானே" என்று சொல்வதில்லை. கண் நோகுது என்றால் ஓட்டோ பிடிப்பார்கள். கால் முறிந்தால் ஊரே வந்து பார்க்கும், ஹோர்லிக்ஸ் போத்தலோடு. பல்லுக் கொதியோடு மூன்று இரவு நித்திரையில்லாமல் இருந்தவனைப் பார்த்து மட்டும் சிரிப்பார்கள். வீங்கின கன்னத்தைப் பார்த்து "என்ன, ஆரும் அறைஞ்சு போட்டினமோ?" என்று பகிடி விடுவார்கள். தமிழ்ப் படங்களிலும் பல்லு வலி என்றால் தலையைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிய கோமாளிதான்.

உடம்பில் வருகிற கடும் நோக்களில் ஒன்று இது. அதை ஏன் நாங்கள் நோயாகவே எண்ணுவதில்லை?

முதலில் இரவைப் பற்றிக் கதைப்போம். பகலில் ஓரளவு தாங்கக்கூடியதாக இருந்த பல்லு இரவில் ஏன் பேயாடுகிறது என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. பல்லின் நடுவில் மென்மையான சதை இருக்கிறது. அதற்குள் நரம்பும் இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. சூத்தை அதுவரைக்கும் இறங்கினால் அந்தச் சதை அழற்சியடைந்து வீங்கும். கையில் அடிபட்டால் தோல் விரிந்து வீக்கத்துக்கு இடம் கொடுக்கும். பல்லுக்குள் விரிய இடமில்லை, சுற்றிவரக் கல்லுச் சுவர். வீக்கம் நரம்பைத்தான் நெரிக்கும். படுக்கும்போது தலைக்குப் போகிற இரத்த அழுத்தம் கூடுகிறது, அதோடு நெரிப்பும் கூடுகிறது. பகலில் வேலை, சத்தம், கதை என்று மனம் வேறெங்கோ இருக்கும். இரவில் நீங்களும் பல்லும் மட்டும்தான். ஆக இரவில் கூடுவது உங்கள் கற்பனை இல்லை. "யோசிக்காமப் படு, போயிடும்" என்று சொல்பவருக்கு இதை ஒருக்கா விளங்கப்படுத்துங்கள்.

இனி, இதை வாசிக்கும் யாருக்காவது இப்போதே பல்லுக் கொதி இருந்தால், என்னுடைய கோபத்தைக் கேட்டுக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை இராது. அதனால் அந்த இரவைக் கடக்க என்ன செய்யலாம் என்பதைச் சொல்லிவிட்டு மிச்சத்துக்கு வருகிறேன். தலகணி இரண்டு வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். இளஞ்சூட்டு உப்புத் தண்ணியால் கொப்பளித்து, பல்லிடுக்கில் சாப்பாடு சிக்கியிருந்தால் எடுங்கள். கன்னத்துக்கு வெளியே குளிர் ஒத்தடம் கொடுங்கள், சூடு வேண்டாம். பனடோல் 500 மில்லிகிராம் குளிசை என்றால் வளர்ந்த ஒருவர் இரண்டு போடலாம். ஆறு மணித்தியாலத்துக்கு முன் அடுத்தது வேண்டாம், 24 மணித்தியாலத்துக்குள் எட்டுக்கு மேல் போகவே கூடாது. அதற்கு மேல் போனால் ஈரல் பழுதாகும். பல்லுக் கொதிக்கு இபுபுரோபன் இன்னும் நன்றாகக் கேட்கும், சாப்பிட்ட பிறகு போடவேண்டும். ஆனால் வயிற்றுப்புண், முட்டு வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும் பிள்ளை வயிற்றில் இருப்பவர்களுக்கும் அது கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் யாருக்குமே வேண்டாம். எங்கட நாட்டில் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கலாம், டெங்குவில் அந்தக் குளிசை இரத்தக் கசிவைக் கூட்டும்.

கராம்பு? வேலை செய்யும்தான். அம்மா பிழை சொல்லவில்லை. கராம்பில் யூஜினோல் என்ற பொருள் இருக்கிறது, கொஞ்ச நேரம் விறைக்கப் பண்ணும். பல் வைத்தியர்களே தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் கலவையில் அதைப் பாவிக்கிறார்கள். எண்ணெயாக என்றால் பஞ்சில் ஒரு துளி, அதுவும் பல்லில், முரசில் இல்லை. முரசு வெந்துபோகும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த எண்ணெய் வேண்டவே வேண்டாம். அஸ்பிரின் குளிசையைப் பல்லுக்குப் பக்கத்தில் அடக்கி வைப்பதும், சாராயத்தை வாய்க்குள் வைத்திருப்பதும் முரசைப் புண்ணாக்கும், வேறொன்றும் செய்யாது.

இவ்வளவும் ஒரு இரவுக்கு. ஒரு இரவுக்கு மட்டும். எங்கட பிரச்சினை என்னவென்றால், நாங்கள் இந்த ஒரு இரவின் சாமான்களை வைத்துக்கொண்டு பத்து வருசம் ஓட்டுகிறோம்.

யூரியூப்பில் "பல் வலி ஒரே நிமிடத்தில் பறந்துவிடும்" என்று தேடிப் பாருங்கள். உள்ளி, இஞ்சி, கொய்யா இலை, மிளகுத்தூள், பற்பசையில் உப்பைக் கலந்து... லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். கீழே கருத்துப் பெட்டியில் "நன்றி அண்ணா, உடனே நின்றுவிட்டது" என்று நூறு பேர். அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அதுதான் பயங்கரம். பல்லுக்குள் இருக்கும் நரம்பு நெரிபட்டு நெரிபட்டு ஒரு நாள் செத்துப்போகும். செத்தால் வலி நிற்கும். அன்றைக்கு வாயில் எது இருந்ததோ அதுக்குத்தான் புகழ் போகும். கராம்பு இருந்தால் கராம்புக்கு, நேர்த்தி வைத்திருந்தால் பிள்ளையாருக்கு. உள்ளே கிருமி வேர்வழியாக எலும்புக்கு இறங்கிக்கொண்டிருக்கும். வலி நின்றது குணம் இல்லை.

"இது எங்கட பாரம்பரியம்" என்று வருகிறவர்களுக்கும் ஒன்று. பல்லுக்குள் புழு இருக்கு, கண்டங்கத்தரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடித்தால் விழும் என்பது எங்கட ஊர்களில் இன்றைக்கும் கேட்கிற கதை. இது எங்களுக்கு மட்டும் சொந்தமான அறிவு இல்லை. பழைய பபிலோனியாவில் இருந்து ஐரோப்பா வரைக்கும் பல்லுப் புழுவை நம்பினார்கள். அங்கேயும் விதைப் புகைதான், வேறு விதை. 1728இல் பிரான்சில் பியர் ஃபோஷார் என்ற பல் வைத்தியர் தன்னுடைய நூலில், தான் பார்த்த பற்களில் புழுவே இல்லை என்று எழுதி அந்தக் கதையை மறுத்தார். அவர்கள் அந்தக் கதையை விட்டுவிட்டார்கள். நாங்கள் அதை ரிக்ரொக்குக்குக் கொண்டுபோயிருக்கிறோம்.

அடுத்தது பாமசி. எங்கட சந்தியில் இருப்பதைச் சொல்லவில்லை, எல்லாச் சந்தியிலும் ஒன்று இருக்கிறது. "பல்லுக் கொதி" என்று சொன்னால் உள்ளே இருக்கும் பொடியன் ஒன்றும் கேட்காமல் அமொக்சிலின் நாலு வெட்டித் தருவான். வைத்தியரின் துண்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து அது. நரம்பு அழற்சியால் வருகிற வலிக்கு அன்ரிபயோட்டிக் கேட்காது. பரவுகிற வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் பல் வைத்தியர் எழுதித் தருவார், அப்போதும் பல்லைப் பார்க்காமல் குளிசை மட்டும் போதாது. நாலு குளிசையில் பாதிக் கிருமி செத்து, மிச்சப் பாதி மருந்தைப் பழகிக்கொள்ளும். பொடியனில் பிழை சொல்லி என்ன? பல் வைத்தியரிடம் போகாதவர்கள் எல்லோரும் அவனிடம்தான் போகிறார்கள். சனி இரவு எட்டு மணிக்குத் திறந்திருப்பது அவன் மட்டும்தான்.

என்னுடைய பல்லு வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கியது. சனி, ஞாயிறு கிளினிக் இல்லை. திங்கள் போயா. செவ்வாய் விடிய ஏழே முக்காலுக்குப் போய் நின்றேன். "நம்பர் முடிஞ்சுது, நாளைக்கு வெள்ளன வாங்கோ." புதன்கிழமை 5.30 பஸ்ஸில் போய் பதினோராம் நம்பர் எடுத்தேன். முன்னுக்கு இருந்த பத்துப் பேரில் ஆறு பேர் ஒரு பக்கக் கன்னத்தைக் கையால் பொத்தியபடி. ஒரு ஆச்சி மட்டும் நிமிர்ந்து இருந்தா. "எனக்கு இனி ரெண்டு பல்லுத்தான் மோனை மிச்சம், அதால பயமில்லை" என்றா.

உள்ளே இரண்டு கதிரை, ஒன்று பழுது. ஒரே ஒரு வைத்தியர், ஒரு அக்கா. அவவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பார்த்தா, தட்டினா, எக்ஸ்ரே எடுத்தா. "தம்பி, இது காப்பாற்றலாம். நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைச்சா இன்னும் இருபது வருசம் நிக்கும். ஆனா அது இங்க செய்யிற வசதி இல்லை. பெரிய இடத்துக்கு எழுதித் தரலாம், கூப்பிட மாதக்கணக்காகும். இல்லையெண்டா வெளியில செய்யோணும். இங்க இப்ப நான் செய்யக்கூடியது பிடுங்கிறதுதான்."

வெளியில் விசாரித்தேன். ரூட் கெனல், அதற்கு மேல் மூடி, எல்லாமாக 45,000. என்னுடைய மாசச் சம்பளம் 38,000.

இந்தக் கணக்கில்தான் "பல்லுதானே" என்ற சொல் வேலை செய்கிறது. இலவச சுகாதாரம் என்று நாங்கள் பெருமைப்படுகிறோம். படத்தான் வேண்டும், நெஞ்சு வலிக்கும் பிரசவத்துக்கும் காசில்லாமல் பார்க்கிற நாடுகள் குறைவு. ஆனால் வாய் என்று வந்தால் இலவசமாகக் கெதியில் கிடைப்பது பெரும்பாலும் குறடு. பிடுங்குவது இலவசம், காப்பாற்றுவது காசு. 23 வயதில் ஒரு கடைவாய்ப் பல்லு போனால், அதற்கு எதிரே இருக்கும் பல்லு மெல்ல மெல்ல வெளியே நீளும், பக்கத்துப் பல்லு சாயும். பிறகு அவைக்கும் கேடு. அந்த ஆச்சிக்கு இரண்டு பல்லு மிச்சமானது ஒரே நாளில் நடந்திராது. ஒவ்வொன்றாக, ஒவ்வொரு முறையும் "பல்லுதானே" என்று.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வாய் நோய் இருக்கிறது. இவ்வளவு பேருக்கு வருகிற ஒன்றைத் தனி மனிதரின் ஒழுக்கக்கேடாகப் பார்ப்பது எவ்வளவு வசதியான வேலை! "ரொபி திண்டிருப்பாய்." "ஒழுங்கா விளக்கிறேல்ல." ஓம், சீனி பல்லுக்குக் கேடு. ஆனால் ஆறு மணியில் இருந்து வெயிலில் கல்லுத் தூக்குகிறவருக்கு மத்தியானம் வரைக்கும் தெம்பு தருவது சீனி போட்ட பிளேன்ரீயும் மலிவு பிஸ்கட்டும்தான். கடைக்கு முன்னால் சரமாகத் தொங்குவது சின்னச் சின்ன இனிப்புப் பைக்கற்றுகள். அதை வைத்தவர்களைக் கேட்காமல் வாங்கின பிள்ளையின் வாயைப் பார்த்துப் பேசுகிறோம்.

ஹற்றன் பக்கம் இருக்கும் தோழி ஒருத்தி சொன்னாள்: தோட்டத்தில் பல்லுக்காக ஒரு நாள் ரவுணுக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும், அரை நாள் என்றால் அரைப் பேர். அதனால் அவளுடைய பெரியம்மா வெற்றிலைக்குள் புகையிலையை வைத்து நோகிற பல்லுக்குப் பக்கத்தில் அடக்கிக்கொண்டு மலைக்கு ஏறுவாராம். நோ மரத்துப்போகுமாம். இந்த நாட்டில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு. வெற்றிலை, பாக்கு, புகையிலை அதன் பெரிய காரணங்கள் என்று சுவரொட்டி அடிக்கிறார்கள். நோகிற பல்லை யாராவது பார்த்திருந்தால் அந்தப் புகையிலையில் கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று எந்தச் சுவரொட்டியும் சொல்வதில்லை.

எங்கட ஒழுங்கையில் மேசன் வேலை செய்யும் அண்ணை ஒருவர் இரண்டு கிழமை பனடோலோடு வேலைக்குப் போனார். மூன்றாம் கிழமை தாடைக்குக் கீழே வீங்கி, கழுத்து இறுகி, எச்சில் விழுங்க ஏலாமல் போனது. கழுத்தை வெட்டிச் சீழ் எடுத்து, மூச்சுக்குக் குழாய் போட்டுத்தான் காப்பாற்றினார்கள். 1836இல் லுட்விக் என்ற ஜேர்மன் வைத்தியர் விபரித்த நோய் அது, அவருடைய பெயரிலேயே இன்றைக்கும் சொல்கிறார்கள். தொடங்குவது பெரும்பாலும் ஒரு கீழ்க் கடைவாய்ப் பல்லில். ஆகவே வீக்கம் கண்ணுப் பக்கமோ தாடைக்குக் கீழோ பரவினால், வாய் திறக்க ஏலாவிட்டால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், காய்ச்சல் நடுக்கம் வந்தால், விடியும் வரைக்கும் பார்த்திருக்க வேண்டாம். நடு இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பல் கிளினிக் பூட்டியிருக்கும், அவசர சிகிச்சைப் பிரிவு பூட்டியிராது. அங்கே யாராவது "பல்லுக்கோ வந்தனீங்கள்?" என்று கேட்டால், மூச்சுக்கு வந்தனான் என்று சொல்லுங்கள்.

அம்மாவிடம் திரும்பி வருகிறேன். அவவுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நான் நிறைய யோசித்தேன். அம்மா 90களில் வன்னியில் இருந்தவ. மருந்துகளுக்கும் கட்டுப்பாடு இருந்த காலம். ஒரு அட்டை பனடோலை வீட்டுக்குள் ஒளித்து வைத்துக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மட்டும் பாதி பாதியாகக் கொடுத்த கதையை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா. தலைக்கு மேலே கிபிர் சுற்றும்போது, பங்கருக்குள் இருந்து "பல்லு நோகுது" என்று யார் சொல்வது? அப்போது அது உண்மையிலேயே பல்லுதான். பக்கத்தில் கால் போனவர் படுத்திருந்தார். நோவுக்கு ஒரு வரிசை இருந்தது, பல்லு அந்த வரிசையின் கடைசியில் நின்றது. அது நியாயமான வரிசை.

ஆனால் 2009 முடிந்து எத்தனை வருசம்? நாங்கள் இன்னும் அதே வரிசையில் நிற்கிறோம். பங்கர்க் காலத்துப் பொறுமையை எங்கட குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பொறுமை யாருக்கு லாபம் என்று பாருங்கள். ஒரு கதிரை பழுதாகி எத்தனையோ மாதம் திருத்தாமல் இருக்கலாம், ஏனென்றால் யாரும் கேட்கப்போவதில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு மருந்தில்லை, வைத்தியர்கள் வெளிநாடு போகிறார்கள் என்று எல்லோரும் கதைத்தோம். அந்தக் கதைக்குள்ளும் பல்லு வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பல் சிகிச்சை செய்கிற மிஸ் ஒருவர் வருவா. வரிசையில் நிற்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடி விட்டுப் பார்த்துத் துண்டு எழுதித் தருவா. என்னுடைய இரண்டு பல்லை அடைத்தவ அவதான். இந்த நாட்டின் நல்ல திட்டங்களில் ஒன்று அது. ஆனால் 13 வயதோடு அந்தக் கவனிப்பு முடிகிறது. கீழே கடைசிக்கு முதல் நிற்கும் பல்லு முளைப்பதே ஏறத்தாழ 12, 13 வயதில்தான். அது வாய்க்குள் வந்த நேரம், பார்க்க வந்தவ போய்விட்டா. அதுக்குப் பிறகு ஓ.எல், ஏ.எல், வேலை என்று பத்து வருசம். எங்களை ஒருத்தரும் வாயைத் திறக்கச் சொல்லேல்ல. நாங்களாகத் திறந்தது வலி வந்த பிறகு.

என்ன கேட்கலாம் என்று நண்பர்களோடு கதைத்தபோது ஒருவன் "எங்களுக்கு வேற பிரச்சினை இல்லையா மச்சான்?" என்றான். இருக்கு. காணியும் இருக்கு, காணாமல் போனவர்களும் இருக்கினம். பல்லைப் பற்றிக் கேட்டால் அதெல்லாம் சின்னதாகிவிடுமா? கிழமையில் இரண்டு நாளாவது பின்னேரக் கிளினிக் வேண்டும், நாள் கூலிக்குப் போகிறவர் ஒரு நாளை இழக்காமல் வர. மாவட்டத்துக்கு ஒரு இடத்திலாவது ஞாயிறும் போயாவும் பல்லுக்கு ஒருவர் இருக்க வேண்டும். பிடுங்குவது இலவசம் என்றால் காப்பாற்றுவதும் மாதக்கணக்கில் காத்திராமல் கிடைக்க வேண்டும். ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுக்கள் இருக்கின்றன, பிரதேச சபைத் தேர்தலுக்கு வாசலுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நெற்போல் கழகத்துக்குக் கம்பம் கேட்கிற அதே வாயால் இதையும் கேட்கலாம்.

நான் பிடுங்கித்தான் விட்டேன். ஊசி விறைத்த பிறகு மூன்று நிமிடம். அந்த அக்கா "சொறி தம்பி" என்றா, ஏன் சொன்னா என்று எனக்கு விளங்கியது. பல்லைப் பஞ்சில் சுற்றிக் கேட்டு வாங்கி வந்தேன். மேலே ஒரு கறுப்புப் பொட்டு, கீழே இரண்டு நல்ல வேர். அன்றிரவு ஒன்பது மணித்தியாலம் படுத்தேன்.

அடுத்த நாள் அம்மாவைக் கதிரையில் இருத்தி, போன் லைற்றைப் பிடித்து, வாயைத் திறங்கோ என்றேன். முதலில் சிரிச்சா, பிறகு திறந்தா. மேலே வலப்பக்கம் மூன்று இல்லை. கீழே இரண்டு இல்லை. இருப்பதில் ஒன்று பாதி கறுப்பு.

"இது நோகிறேல்லையோ?"

"நோகும். இரவிலதான். நான் அந்தப் பக்கம் சரிஞ்சு படுக்கிறேல்ல."

"எவ்வளவு காலமா?"

கொஞ்சம் யோசிச்சா. "நீ ஏ.எல் எடுத்த வருசம்."

வாற புதன்கிழமை 5.30 பஸ். அம்மா வரமாட்டன் எண்டுதான் நிக்கிறா, அண்டைக்கு விரதமாம்.